காற்கூறும் முக்காற்கூறும்: முதுகலை வகுப்பில் கலப்புமுறைக் கற்றல்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குக் காரணரான பெரியவர், வாழ்நாளின் பெரும்பகுதியைக் கரும்பலகையின் முன் நின்று பாடம் சொல்லியே கழித்தவர். அவர் பெயரால் நிகழும் இச்சொற்பொழிவுக்குக் இணையவழி வகுப்பும் நேர்முக வகுப்பும் கலந்த கலப்புமுறைக் கற்றலை நான் பொருளாக எடுத்துக்கொண்டேன் என்று கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "சாக்பீஸ் பிடித்த கையின் நினைவு நாளில் கணினிக்கா ஸ்தோத்திரம்?" என்று நகையாடினார். அவருக்கு நான் கணினியைக் காட்டவில்லை. நன்னூலை எடுத்துப் பொதுப்பாயிரத்தைக் காட்டினேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் விருப்பத்துக்கிணங்க அவ்விலக்கண நூலைச் செய்த பவணந்தி முனிவர், மாணாக்கன் கல்வி நிரம்பும் வகையைக் கணக்கிட்டே சொல்லிவிட்டார். ஆசிரியர் சொன்னதைச் செவ்வையாக உள்வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கைவருவது புலமையில் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். ஓராசிரியர் தம் தொழிலின் பங்கு கால்தான் என்று ஒப்புக்கொண்ட அந்த அடக்கத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு. ஏனெனில், என் அனுபவத்தில் நம்முடைய முதுகலை வகுப்புகளில் பெரும்பாலானவை, அந்தக் காற்கூற்றையே முழுமையெனக் கருதி, ஐந்து மணி நேரமும் ஆசிரியர் பேச, இருபது பேர் குறிப்பெழுத, நடந்து முடிகின்றன.

பல்கலைக்கழக மானியக் குழு, 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட கருத்துருவில், ஒரு பாடத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை இணையவழியிலும் எஞ்சியதை நேர்முகமாகவும் நடத்தலாம் என்று யோசனை கூறிற்று. அது முதல் எங்கு சென்றாலும் நாற்பது, அறுபது என்னும் இரண்டு எண்களே விவகாரப் பொருளாகிவிட்டன. எந்த நாற்பது என்று கேட்பாரைக் காணோம். திங்களும் செவ்வாயும் கூகுள் மீட், மற்ற நாட்களில் வகுப்பு என்று கால அட்டவணையைக் கூறுபோட்டுவிட்டு, அதையே கலப்புமுறை என்று அழைப்பது, அரிசியை ஒரு பானையிலும் பருப்பை வேறொரு பானையிலும் வைத்துவிட்டுப் பொங்கல் ஆயிற்று என்பதை ஒக்கும்.

தொலைவிலிருந்து கற்பிக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. டில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டிலும் மதுரை முதலான பல்கலைக்கழகங்கள் அவ்வழியைக் கைக்கொண்டு, பகலில் பணிசெய்து இரவில் படித்த எண்ணற்ற பேருக்குப் பட்டம் தந்தன. 1984-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று தொலைக்காட்சியில் தொடங்கிய நாடளாவிய வகுப்பறை நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. அந்நாளில் நான் பணியாற்றிய கல்லூரியில் அதற்கென வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியை மரப்பேழைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கண்காணிப்பாளர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். ஆகவே பேழையை நாங்கள் கண்டோமேயன்றி வகுப்பைக் கண்டதில்லை.

இக்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மூடில் என்னும் மென்பொருளின் பிறப்பிலும் ஒரு செய்தி உண்டு. 2002-இல் அதை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவெளிக் குடியிருப்பொன்றில், அண்டையில் பள்ளியின்றி, வானொலி வழியாகப் பாடங்கேட்டு வளர்ந்தவர். ஆசிரியர் குரல் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு கூட்டாளி வேண்டும் என்னும் ஏக்கம் அவருக்கு இருந்ததோ என்னவோ, அம்மென்பொருளில் விவாத மன்றத்துக்கு முக்கிய இடம் கொடுத்தார். நம் நாட்டு ஸ்வயம் இணையப் பாடத் தளத்திலும் காணொளி, வாசிப்புப் பொருள், சுயசோதனை, விவாத மன்றம் என நான்கு அங்கங்கள் உள்ளன. நான் அறிந்த மாணவர்கள் முதல் அங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, மூன்றாவதை நண்பனிடம் கேட்டு எழுதி, நான்காவதன் வாசலை மிதிப்பதேயில்லை.

இங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் அவர்களின் அனுபவம் கருதத்தக்கது. மாணவரால் நன்கு மதிக்கப்பெற்ற ஆசிரியரான அவர், 1990-ஐ ஒட்டி, விசையைப் பற்றி அன்றாடச் சொற்களில் அமைந்த எளிய வினாக்களைத் தம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். சூத்திரங்களைக் கொண்டு கடினமான கணக்குகளைப் போட்டவர்களே இவ்வெளிய வினாக்களில் தடுமாறக் கண்டு திகைத்த அவர், விரிவுரையைச் சுருக்கிக்கொண்டு, பாடத்தை முன்னரே படித்துவரச் செய்து, வகுப்பில் ஒரு வினாவை எழுப்பி, ஒவ்வொருவரும் தனித்து விடை குறித்தபின் பக்கத்திலிருப்பவரோடு வாதிடச் சொல்லி, மறுபடியும் விடை குறிக்கச் செய்தார். இரண்டாம் முறை சரியான விடைகள் பெருகின. பவணந்தியார் சொன்ன இரண்டாம் காற்கூறு அவ்வகுப்பில் பிரத்தியட்சமாயிற்று என்பேன்.

என் துறையிலிருந்தே ஓர் உதாரணம் கூறுகிறேன். எம்.ஏ. தமிழ் வகுப்பில் தொல்காப்பியச் சொல்லதிகாரம் பாடம். அதற்கு இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடனார் என ஐவர் உரைகள் கிடைத்துள்ளன. கல்லாடனாருடையது முழுதும் கிடைக்கவில்லை. ஒரு சூத்திரத்தின் பதவுரையையும் ஐவர் கொள்கையையும் இருபது நிமிஷத்தில் நான் ஒலிப்பதிவாக்கி முன்னாள் இரவே அனுப்பிவிட்டால், மாணவர் அதனைப் பேருந்தில் கேட்பர், புரியாத இடத்தைத் திருப்பிக் கேட்பர். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் இணையப் பல்கலைக்கழகமாகப் பிறந்து இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனமும் பழைய நூல்கள் பலவற்றைக் கைப்பேசிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கின்றன. மறுநாள் வகுப்பில் நான் வாய்மூடியிருக்க, ஐந்து குழுவினர் ஐந்து உரையாசிரியர்களின் கட்சியை ஏற்று வழக்காடுவர். சேனாவரையர் தமக்கு முற்பட்ட உரையாசிரியரை மறுக்கும் இடங்களில் அந்த வழக்கு சூடுபிடிக்கும். செமஸ்டர் முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு சூத்திரத்தையேனும் இளங்கலை மாணவருக்குச் சென்று பாடம் சொல்லிவருவர். இதில் எத்தனை சதவிகிதம் இணையம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆயினும் இம்முறையைப் பற்றி மிகையான ஆசை கொள்ளலாகாது. அமெரிக்கக் கல்வித்துறை 2009-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நேர்முகப் போதனை மட்டும் பெற்றோரைவிட இரண்டும் கலந்து பெற்றோர் மேம்பட்டனர் என்று கண்டது உண்மை. ஆனால் கலப்புமுறையில் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் சேர்ந்திருந்தமையால், அம்மேம்பாட்டை ஊடகத்தின் பெருமையென்று கொள்ள வேண்டாம் என்று அத்தொகுப்பே எச்சரித்தது. செலவைக் குறைக்க இம்முறையை நாடுவோர் இந்த எச்சரிக்கையைச் சிரத்தையோடு படிக்க வேண்டும். கலப்புமுறை நேரத்தை மிச்சப்படுத்தாது, விழுங்கும். இருபது நிமிஷப் பதிவுக்கு எனக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிப் போதனை என்று மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இந்த இரண்டு நாளை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாணவர் பக்கத்து இடர்ப்பாடும் சிறிதன்று. பெருந்தொற்றுக் காலத்தில் என் மாணவி ஒருத்தி, வீட்டில் சிக்னல் எட்டாமையால், ஊர்க்கோடியிலிருந்த மேல்நிலைத் தொட்டியின் படியில் அமர்ந்து வகுப்புக் கேட்டாள். மழை வந்தால் அவளுக்குப் பாடம் இல்லை. இணைப்பு நலிவான இடத்திலும் இறங்கக்கூடிய சிறிய ஒலிக்கோப்பே எனக்குக் காணொளியைவிட உவப்பானது என்பதற்கு அவளே காரணம். கேமராவை நிறுத்திவைத்த இருபது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவதைக் கற்பித்தல் என்று சொல்ல என் நா எழவில்லை.

ஆகையால் இப்பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவினருக்கு என் விண்ணப்பம் ஒன்றே. எல்லாத் துறைகளுக்கும் ஒரே ஆணையாக இதை அனுப்ப வேண்டா. வருகிற கல்வியாண்டில், விரும்பி முன்வரும் ஆசிரியர் ஒருவருக்கு, ஒரே ஒரு முதுகலைத் தாளைக் கொடுங்கள். பதிவு செய்யும் நேரத்தை அவருடைய வேலைப் பளுவில் சேருங்கள். இம்முறையைக் காரணங்காட்டிக் காலியிடம் ஒன்றையும் நிரப்பாமல் விடாதீர்கள். அத்தாளின் மதிப்பெண்ணில் பாதியை, மாணவர் பிறருக்குப் பாடம் சொன்ன திறத்துக்கு ஒதுக்குங்கள்.