கொரோனாவும் இருதய வியாதிக்காரரும்



நாம் வைத்தியரல்ல. ஆனால், தன் உடம்பைப் பற்றித் தான் தெரிந்துகொள்ள ஒருவன் வைத்தியனாயிருக்க வேண்டுமென்று சட்டம் ஏதுமில்லையாதலால் பேசத் துணிந்தோம்.

2020 மார்ச்சு 22-ந் தேதி நம் ஜனங்கள் கொரோனாவுக்காகத் தட்டைத் தட்டினார்கள். 2021 மே மாதத்தில் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் இருகூரில் ஒரு ஆதீனத்தார் "கொரோனா தேவி" என்று கருங்கல் சிலையே செய்து வைத்து யாகம் நடத்தினார்கள். தொற்று வந்துவிடுமென்று பொது ஜனங்களை மாத்திரம் தேவியிடம் விடவில்லை! (சிரிப்பு.)

நிற்க. சிரிக்கின்ற நாம் மாத்திரம் யோக்கியமாய் நடந்துகொண்டோமா? ரத்தக் கொதிப்புக்கும் இருதய பலவீனத்துக்கும் கொடுக்கப்படும் எனாலப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் மாத்திரைகளைச் சாப்பிட்டால் கொரோனா சுலபமாய்ப் பிடிக்குமென்று 2020-ல் உலகமெங்கும் ஒரு பேச்சுக் கிளம்பிற்று. நிறுத்த வேண்டாமென்று இருதய வைத்திய சங்கங்கள் உடனே சொல்லின. பிரேசில் தேசத்தாரோ சோதித்தே பார்த்தார்கள். கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் இவ்வித மாத்திரை சாப்பிட்டுவந்த 659 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு 30 நாள் நிறுத்தியும் மற்றவர்களுக்குக் கொடுத்தும் பார்த்ததில், நிறுத்தியதால் யாதொரு லாபமுமில்லையென்று கண்டு 2021 ஜனவரியில் வெளியிட்டார்கள். இதுவல்லவா பரீட்சை!

இன்னொன்று கேளுங்கள். இங்கிலாந்தில் 2020 மார்ச்சுக் கடைசியில் மாரடைப்புக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், முன் வருஷத்தைவிட 100-க்கு 40 பேர் வீதம் குறைந்துபோனார்கள். மாரடைப்பு என்ன, லீவு எடுத்துக்கொண்டதா? ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்று வருமென்று பயந்து வீட்டிலேயே கிடந்தவர்கள் அநேகர். ரத்தக்குழாய் அடைத்தபின் தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் இருதயச் சதை செத்துக்கொண்டேயிருக்கும். நெஞ்சை அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஏறி, வேர்த்துக் கொட்டினால் வாயு என்று சோடா குடிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்?" என்றால் "வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று" என்கிறோம். எதற்கென்று கேட்டால் சில டாக்டர்களுக்குக் கோபம் வருகின்றது. அர்த்தம் கேட்கக்கூடாதென்ற புரோகிதனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? பேர் தெரியாதவன்தான் வதந்திக்கு முதல் பலி. இருதய பலவீனமுள்ளவர் தினம் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, உடம்பில் கட்டும் நீர். கால் வீங்குமட்டும் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும். உப்பு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரும்படி முன்னமே கேட்டிருந்தோம். கூட்டம் முடிந்ததும் அந்த மேஜையிலிருக்கும் தோழர்கள் மாத்திரையின் பேரையும், அது எதற்கென்பதையும், வேளையையும் தமிழில் எழுதிக் கொடுப்பார்கள். படிக்கத் தெரியாத தாய்மார்கள் பேத்தியையோ பேரனையோ கூட அழைத்துவரலாம்.