பேரேட்டைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள்



வேதாந்தத்தைத் தமிழ் நூல்களைக் கொண்டே பாடம் சொல்லி வளர்த்த மடம் இருக்கிற ஊர் இந்தக் கோவிலூர். ஏட்டின் அருமை உங்களுக்குத் தெரியும். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

பக்கத்தில் கோட்டையூர் இருக்கிறது. அந்த ஒரு ஊர் மூன்று பேரைத் தந்தது. முதலாமவர் வள்ளல் அழகப்பர். 1947-இல் அவர் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்ததுதான் 1985-இல் பிறந்த அழகப்பா பல்கலைக்கழகம். இரண்டாமவர் ஏ. கே. செட்டியார். காந்தியடிகளைப் படமாக்குவதற்காக உலகமெல்லாம் சுற்றினார் என்று அவரை நாம் அறிவோம். 'குமரி மலர்' இதழில் அவர் செய்த வேலையை அறிந்தவர்கள் குறைவு. பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகளைத் தேடியெடுத்து, மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார். வரலாறு எழுதுகிறவனுக்கு அது தங்கச் சுரங்கம்.

மூன்றாமவர் ரோஜா முத்தையா. பெரும் பணக்காரர் அல்லர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் சேர்த்தது புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீசைச் சேர்த்தார், கல்யாணப் பத்திரிகையைச் சேர்த்தார். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தார். கோட்டையூர் வீட்டில் ஏறத்தாழ 1 லட்சம் நூல்களும் இதழ்களும் தாள்களும் நிறைந்தன. 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை விலை கொடுத்து வாங்கியது. வாங்கியவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றவில்லை, தமிழ்நாட்டிலேயே நூலகமாக்கினார்கள். இன்று அது சென்னைத் தரமணியில் இருக்கிறது. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் அந்தச் செல்வத்தின் மதிப்பைக் கடல் கடந்து வந்தவர்கள்தான் முதலில் உணர்ந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, இப்போது உங்களுக்குக் கிடைத்திருப்பதைச் சொல்கிறேன். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டம் நடக்கிறது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, உலகின் 30 பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மைய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இது விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு பதிப்பகங்களின் வரலாற்று இதழ்களும் அதில் உண்டு. அரசுப் பல்கலைக்கழக மாணவர் என்றால் நூலகரிடம் போய், எப்படி உள்ளே நுழைவது என்று இன்றே கேளுங்கள். ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்ற இணையத்தளம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் சந்தா வேண்டாம், கையில் ஒரு செல்போன் போதும்.

இவற்றால் என்ன கிடைக்கும்? ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரி 1830-இல் தம் நினைவுக் குறிப்புகளை இலண்டனில் அச்சிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அதில் எழுதியிருக்கிறார். அதே சின்ன மருதுவை 1801-இல் வேட்டையாடிய படையில் அவரும் இருந்தார். நம் சிவகங்கைச் சீமையின் வரலாறு எதிரியின் கைப்பட நமக்குக் கிடைக்கிறது! அந்த நூலை இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மேடையில் யாரோ சொன்னார் என்று விட்டுவிடாமல் நீங்களே எடுத்துப் படியுங்கள்.

ஆனால் எந்தச் சந்தாவாலும் வாங்க முடியாத ஒன்று உண்டு. அது இந்தச் செட்டிநாட்டு வீடுகளுக்குள் இருக்கிறது.

நம் செட்டியார்கள் கடன் கொடுத்துத் தொழில் செய்த பர்மாவை எண்ணிப் பாருங்கள். 1930-களில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு, பலர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். இந்த வரலாற்றை இன்று எழுதுகிறவர் 1929-30-இன் பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கையைப் புரட்டுகிறார். அது அரசாங்கம் எழுதிய பக்கம். கடன் கொடுத்தவரின் பக்கம் எங்கே? கணக்கெழுதிய பேரேட்டில் இருக்கிறது, ஐந்தொகையில் இருக்கிறது, அங்கே தொழிலைக் கவனித்த மேலாள் ஊருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கடன் வாங்கி நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பெயரும் அந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்ய அந்தத் தாள்கள் வேண்டும்.

பெண்களின் வரலாறு வேண்டுமா? சீர் சாமான்களை வரிசையாக எழுதிய முறைச்சிட்டையைப் பாருங்கள். கல்யாணத்தின்போது எழுதிய இசைகுடிமானம் என்ற ஒப்பந்தத்தைப் பாருங்கள். எந்த ஆண்டில் எந்த நாட்டுப் பாத்திரம் எந்த வீட்டுக்கு வந்தது என்பதற்கு முறைச்சிட்டையைவிட நல்ல சாட்சி ஏது?

வீட்டைப் பாகம் பிரிக்கும்போது தேக்குத் தூணுக்கும் வெள்ளிக்கும் கணக்குப் பார்க்கிறோம், தாளைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறோம். இது கூடாது.

நான் கேட்க வந்தது இதுதான். உங்கள் வீட்டுப் பேரேட்டை யாருக்கும் தானம் செய்ய வேண்டாம், உரிமை உங்களிடமே இருக்கட்டும். பல்கலைக்கழக நூலகத்தார் படியெடுக்க மட்டும் இடம் கொடுங்கள். பழைய கணக்கெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள், மாணவர்களுக்கு ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். பல்கலைக்கழகத்தாரும் இந்தத் தாள்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு ஒதுக்கி, வீடு வீடாக வந்து கேட்க வேண்டும். மேலறையில் பூட்டிய பெட்டி இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் அதை இந்த வாரமே திறந்து பாருங்கள். எடைக்குப் போடும் முன் நூலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்.