இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

மாணவர்களே, தஞ்சைத் தரணியில் நெல்லளந்த நம் முன்னோர் 12 மரக்கால் கொண்டது ஒரு கலம் என வகுத்தனர். கலத்து நெல்லை இருவரோ, மூவரோ, நால்வரோ, அறுவரோ பங்கிட்டாலும் மரக்கால் கணக்குப் பிசகாது. பத்தாக இருந்திருப்பின் மூவர் பங்கிலேயே சிக்கல் நேர்ந்திருக்கும். 12-ஐ மீதியின்றி வகுக்கும் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தனக்கு முந்திய எண்கள் அனைத்தையும் காரணிகளின் தொகையில் விஞ்சும் எண்ணை மிகுபகு எண் எனலாம்.

கும்பகோணத்தில் வளர்ந்து, அவ்வூர் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இவ்வெண்களை ஆராய்ந்தார். அவரது நீண்ட கட்டுரை 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1916-இல் அவர் பட்டம் பெற்றதும் இவ்வாராய்ச்சிக்காகவே. கட்டுரையில் 102 மிகுபகு எண்களின் பட்டியல் உண்டு.

அப்பட்டியலில் ஓர் எண் 19554 கோடியே 57 இலட்சத்து 50 ஆயிரத்து 400. தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஏழு முறையும், 3 மும்முறையும், 5-ம் 7-ம் இருமுறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொன்றும் வரும் தடவையோடு ஒன்றைக் கூட்டி, அனைத்தையும் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைக்கும்: 8×4×3×3×2×2×2×2, அதாவது 4608. பட்டியலில் இதற்கு அடுத்து நிற்பது 32125 கோடியே 37 இலட்சத்து 32 ஆயிரத்து 800, காரணிகள் 5376.

இப்போது முதல் எண்ணிலிருந்து ஒரு 2-ஐ எடுத்துவிட்டு, ஒரு 3-ஐச் சேருங்கள். எண் ஒன்றரை மடங்காகி, 29331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600 ஆகிறது. எட்டு நான்கு முப்பத்திரண்டு என்றிருந்த இடத்தில் ஏழு ஐந்து முப்பத்தைந்து வருகிறது. காரணிகள் 5040! இரண்டு எண்களுக்கும் இடையே இது நின்றிருக்க வேண்டும், பட்டியலில் இல்லை. விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவறாக எழுதிய வரி உடனே கண்ணில் படும், எழுதாமல் விட்ட வரி எளிதில் படாது.

அதற்குக் குறைந்த எண்கள் எவற்றுக்கும் 5040 காரணிகள் இல்லை என்று எவ்வாறு அறிவது? ஒவ்வொன்றாகச் சோதிக்க ஓர் ஆயுள் போதாது. இங்கேதான் இராமானுஜனின் வழி துணை வருகிறது. ஓர் எண்ணில் 2 வருவதைவிட 3 மிகுதியாக வருமாயின், இரண்டின் தடவைகளையும் மாற்றி வையுங்கள். காரணிகளின் தொகை மாறாது; எண்ணோ சிறுத்துவிடும். ஆகவே மிகுபகு எண்ணில், பகா எண் பெரிதாகப் பெரிதாக அதன் தடவை ஏறவே ஏறாது. 7, 3, 2, 2, 1 என்றோ, 6, 4, 2, 2, 1 என்றோ இறங்கும். அல்லது சமமாக நிற்கும். இந்நிபந்தனையால், சோதிக்க வேண்டிய எண்கள் மிகச் சிலவாகிவிடுகின்றன. ஓர் எண் விடுபட்டதால் இவ்வழிக்கு ஊறு ஏதுமில்லை.

பட்டியலின் கடைசி எண் 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800, காரணிகள் 10080. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். விடுபட்ட எண் அப்படியே வரும்.