அப்புச்சி வீட்டை என்ன செய்யலாம்?

போன மாசம் ரெண்டு ராத்திரி செட்டிநாட்டுல, ஹோட்டலா மாத்தின ஒரு பழைய வீட்டுல தங்கினேன். திண்ணை, முகப்பு, நடுவுல திறந்த முற்றம். வெளியே வெயில் கொளுத்துது, உள்ளே ஃபேன் போதும். தடிமனான சுவர், உயரமான கூரை. சூடான காத்து முற்றம் வழியா மேல போயிடும். தூண் எல்லாம் பர்மா தேக்கு. தரையில ஆத்தங்குடி கல். கண்ணாடி மேல கலர் ஊத்தி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணியில ஊற வெச்சு, காய வெச்சு எடுக்கிறாங்க. சூளையே கிடையாது!

இதெல்லாம் நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கைன்னு போய் வட்டித் தொழில்ல சம்பாதிச்ச பணத்துல கட்டினது. 1942-ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அங்கிருந்த வருமானம் நின்னு போச்சு. வீடு நின்னுச்சு, ஆனா பார்த்துக்க ஆள் இல்லை. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல. ஓடு மாத்தணும்னாக்கூட எல்லாரும் தலையாட்டணும். அப்படி ஒத்து வராத பல வீடுகளோட கதவும் தூணும் காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போயிடுச்சு.

தப்பிச்ச வீடுகள்ல சிலது ஹோட்டல் ஆச்சு. காரைக்குடி 'தி பங்களா' 1999-ல ஆரம்பிச்சது. கானாடுகாத்தான்ல 'விசாலம்', கொத்தமங்கலத்துல 'சாரதா விலாஸ்'. 2014-ல செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்லயும் சேர்ந்துச்சு.

"காசு இருக்கிறவன் தங்குறதுக்கா இதெல்லாம்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்த ஹோட்டல்களால சுண்ணாம்பு பூசுற கொத்தனாருக்கும் கல் போடுறவருக்கும் இன்னைக்கும் வேலை இருக்கு. யூசர் இல்லாத சாஃப்ட்வேரை யாரும் மெயின்டெயின் பண்ண மாட்டாங்க. வீடும் அப்படித்தான். உள்ளே ஏதோ ஒரு வேலை நடந்தாத்தான் நிக்கும்.

இதை ஏன் சொல்றேன்னா, பொள்ளாச்சி பக்கம் எங்க அப்புச்சியோட தொட்டிக்கட்டு வீட்டை என்ன பண்றதுன்னு வர்ற தையில முடிவு பண்ணணும். மூணு மாமா, எங்க அம்மா, ஆக நாலு பங்கு. பெரிய மாமா "இடிச்சுப் போட்டு சைட்டா பிரிச்சுக்கலாம்"ங்கறாரு. அவருக்கும் காரணம் இருக்கு. ஒவ்வொரு மழைக்கும் அவர்தான் தனியா செலவு பண்றாரு.

அதை ஹோட்டல் ஆக்க எங்களால முடியாது. நான் கேக்கப் போறது மூணே விஷயம். ஒழுகுற ஓட்டை முதல்ல மாத்தலாம், ஏன்னா தண்ணி இறங்கினா உத்தரம் உளுத்துடும். செலவை நாலு பங்கா எழுதி வெச்சுக்கலாம். முன்பக்கத்து ரெண்டு ரூமை ஊர்ப் பிள்ளைங்க டியூஷனுக்கோ, தையல் யூனிட்டுக்கோ வாடகைக்கு விடலாம். பெரிய மாமா ஒத்துக்குவாரான்னு தெரியலைங்க. ஆனா "பழசு, அழகா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா அவர் கேக்க மாட்டாரு. கணக்கோட போனா உக்காந்து பேசுவாரு.

உங்க ஊர்லயும் இப்படிப் பூட்டிக் கிடக்கிற வீடு இருந்தா, பங்காளிங்க எல்லாரும் ஒண்ணு கூடுற அடுத்த நோம்பிக்கே பேச்சை எடுத்துடுங்க. அடுத்த மழை வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்ங்க!