பச்சை மண்ணும் சுட்ட கலமும்: விவிலியத்தில் நன்மை, தீமையின் உருவங்கள்

(கம்மாபுரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



நன்மையும் தீமையும் விவிலியத்தில் எந்தெந்த உருவங்களில் வருகின்றன என்று பேசச் சொன்னீர்கள். தலைப்பைக் கேட்டவுடன் பலருக்கும் மனத்தில் ஒரு பட்டியல் எழும். ஒளி நல்லது, இருள் கெட்டது; ஆட்டுக்குட்டி நல்லது, பாம்பு கெட்டது. மறைக்கல்வி வகுப்பில் படம் காட்டிக் கற்பிப்பது இப்படித்தான். நூலைத் திறந்து படித்தால் அந்தப் பட்டியல் நிற்பதில்லை. ஏதேன் தோட்டத்தில் ஏவாளை ஏமாற்றியது பாம்பு. பாலை நிலத்தில் மோசே அதே பாம்பின் உருவத்தை வெண்கலத்தில் செய்து கம்பத்தில் உயர்த்தியபோது, கடிபட்டவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். யோவான் நற்செய்தி அந்தக் கம்பத்தைச் சிலுவைக்கு முன்னடையாளமாகக் கொள்கிறது. பின்னாளில் மக்கள் அந்த வெண்கலப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். பேதுருவின் முதல் கடிதத்தில் கர்ச்சிக்கும் சிங்கம் அலகை. திருவெளிப்பாட்டில் யூதா குலத்துச் சிங்கம் கிறிஸ்து. சாத்தான் ஒளியின் தூதனாக வேடம் போடுவான் என்று பவுல் எச்சரிக்கிறார். சாலமோனோ, எருசலேம் கோவிலை நேர்ந்தளித்த நாளில், ஆண்டவர் காரிருளில் உறைபவர் என்கிறார்.

படைக்கப்பட்ட எந்தப் பொருளும் பிறவியிலேயே தீயதில்லை. தொடக்கநூலின் முதல் அதிகாரம் இதை உறுதியாகச் சொல்லிவிடுகிறது. அப்படியானால் தீமையின் உருவத்தை எங்கே தேடுவது? நான் தேடப்போவது களிமண்ணில். இந்த வட்டாரத்தில் நின்று பேசும்போது அதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்காது.

நெய்வேலிச் சுரங்கத்தின் வெள்ளைக் களிமண்ணும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலும் எப்படிப் பிணைந்தவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணைக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து உலரவைக்கிறார்கள். சூளைக்குப் போகுமுன் ஒரு பொம்மையின் கை உடைந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. உடைந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். சுமார் 600 டிகிரி வெப்பத்தைத் தாண்டிவிட்டால் அந்த வழி அடைந்துவிடுகிறது. மண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடும். பிறகு எவ்வளவு நாள் ஊறவைத்தாலும் அது குழையாது. உடைந்தால் ஓடுதான்.

எரேமியா நூலின் 18, 19ஆம் அதிகாரங்களை இந்த வேறுபாட்டோடு படிக்க வேண்டும். 18இல் இறைவாக்கினர் குயவர் வீட்டுக்குப் போகிறார். சக்கரத்தில் வனைந்துகொண்டிருந்த கலம் கோணிப்போகிறது. குயவர் மண்ணை எறிந்துவிடவில்லை. அதையே பிசைந்து வேறொரு கலமாக வனைகிறார். அழிப்பேன் என்று நான் சொன்ன இனம் திருந்தினால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்பது கடவுள் அங்கே அவருக்குத் தரும் செய்தி. 19இல் எரேமியா கையில் இருப்பது விலைக்கு வாங்கிய சாடி, சுட்டு முடிந்தது. பென் இன்னோம் பள்ளத்தாக்குக்குப் பெரியவர்களை அழைத்துப்போய் அவர்கள் கண்முன்னே அதைப் போட்டு உடைக்கிறார். இனி ஒட்டவைக்க முடியாது என்கிறார். அந்த இடத்தில்தான் பெற்றோர் தம் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்டார்கள். மாசற்றோரின் இரத்தத்தால் அந்த இடத்தை நிரப்பினார்கள் என்பதே குற்றச்சாட்டு. பிற்காலத்தில் நரகத்துக்கு வழங்கிய கெகென்னா என்ற பெயர் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. கிறிஸ்தவ மரபில் நரகம் என்ற எண்ணத்துக்கு அடியில், குழந்தைகள் கொல்லப்பட்ட ஓர் உண்மையான ஊர்ப்புறம் கிடக்கிறது. தீச்சட்டியும் கொம்பு வைத்த பூதங்களும் வரையப்பட்ட படங்களைவிட இது எனக்கு அதிகம் நடுக்கம் தருகிறது.

இரண்டு அதிகாரங்களிலும் ஒரே மண். அழுக்கோ கோணலோ இங்கே தீமையின் அடையாளம் அல்ல. கோணிய மண்ணுக்குக் குயவர் கை காத்திருக்கிறது. மறுபடி வனையப்பட இடங்கொடாமல் இறுகிப்போவதே அடையாளம். பார்வோனின் நெஞ்சம் கடினப்பட்டது என்று விடுதலைப் பயண நூல் திரும்பத் திரும்பச் சொல்வதும், கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயம் தருவேன் என்று எசேக்கியேல் வழியாகக் கடவுள் வாக்களிப்பதும் இதே பொருளில்தான்.

வள்ளுவர் இதே பச்சை மண்கலத்தை வேறு விதமாகப் பார்த்தார். வினைத்தூய்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில், வஞ்சத்தால் சேர்த்த பொருளைக் காப்பது சுடாத மண்கலத்தில் நீரை ஊற்றிவைப்பது போன்றது என்கிறார். அங்கே சுடாமை குறை. எரேமியாவிடம் அது இரக்கத்துக்கு இடம். இரண்டும் உண்மை. சுட்ட கலத்தையும் விவிலியம் முழுதாகத் தள்ளிவிடவில்லை. கிதியோனின் முந்நூறு வீரர்கள் பானைகளுக்குள் தீப்பந்தங்களை மறைத்து எடுத்துப்போய், நள்ளிரவில் பானைகளை உடைத்தபோதுதான் வெளிச்சம் தெரிந்தது. பவுல் தம்மையே செல்வத்தைச் சுமக்கும் மட்கலம் என்கிறார்.

அதே பவுல் உரோமையர் கடிதத்தின் 9ஆம் அதிகாரத்தில், ஒரே மண்ணிலிருந்து மதிப்புள்ள கலத்தையும் மதிப்பற்ற கலத்தையும் வனையக் குயவருக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறார். இதைத் தனியாகப் பிடுங்கி எடுத்தால், சிலர் பிறக்கும்போதே இழிந்தவர்கள் என்ற கொடிய முடிவுக்கு வந்து சேரலாம். நம் மண்ணில் அது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவிலில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்காரவைக்கச் சுவர் இருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. இறந்தவர்களைச் சாதி பார்த்துப் புதைக்கும் வழக்கம் பல கல்லறைகளில் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. பவுலின் வாதம் 9ஆம் அதிகாரத்தில் முடியவில்லை. 11ஆம் அதிகாரத்தில், எல்லார்மீதும் இரக்கம் காட்டுவதே கடவுளின் நோக்கம் என்று போய் நிற்கிறது. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதமோ, தன்னைத் தூய்மையாக்கிக்கொள்ளும் எவரும் மதிப்புள்ள கலமாகலாம் என்கிறது. சுவர் எழுப்பியவர்கள் அதுவரை படிக்கவில்லை; அல்லது படித்தும் இறுகியிருந்தார்கள்.

குழைவும் இறுக்கமும் ஒரே மனிதரிடம் இருக்கலாம் என்பதற்கு நம் பக்கத்துக் கோணான்குப்பத்தை நினைத்துப்பாருங்கள். வீரமாமுனிவர் அங்கே மரியாவுக்குக் கோவில் எழுப்பி, சேலை உடுத்திய தமிழ்த் தாயாக வைத்தார். திருமுதுகுன்றம் எனும் விருத்தாசலத்து அம்மன் பெயரும் பெரியநாயகி, அந்த மாதாவின் பெயரும் பெரியநாயகி. இத்தாலியில் பிறந்த ஒருவர் இந்த மண்ணின் கையில் தம்மை எவ்வளவு குழையவிட்டார் என்பதற்கு அதுவும், 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும் போதும். அவரே தரங்கம்பாடி லுத்தரன் சபையாருக்கு எதிராக எழுதிய நூல்களில் வேறு மனிதர். ஒரே மறைநூலைக் கையில் வைத்திருந்த இரு தரப்பும் ஒருவரையொருவர் இருளின் பக்கம் தள்ளின. பெரிய உள்ளத்திலும் ஓர் ஓரம் இப்படி இறுகிவிட முடியும்.

எரேமியாவின் குயவர் மண்ணுக்கு இனித் திரும்புவோம், மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரம் வழியாக. யூதாசு திருப்பி எறிந்த முப்பது வெள்ளிக் காசுகளைத் தலைமைக் குருக்கள் பொறுக்கி எடுக்கிறார்கள். இரத்தத்தின் விலை என்பதால் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் பார்க்கிறார்கள். அதைக் கொண்டு குயவன் நிலத்தை வாங்கி, அயலாரைப் புதைக்கும் இடமாக ஒதுக்குகிறார்கள். எரேமியா உரைத்தது நிறைவேறிற்று என்கிறார் மத்தேயு. முப்பது வெள்ளிக்காசு வருவதோ செக்கரியா நூலில். பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாசற்ற இரத்தம், குயவர், பிணம் புதைக்கும் நிலம் மூன்றும் ஒன்றுகூடும் இடம் எரேமியாவின் 19ஆம் அதிகாரம்தான். மரபு அந்தக் குயவன் நிலத்தைக் காட்டுவதும் அதே இன்னோம் பள்ளத்தாக்கில். காசு செக்கரியாவிடமிருந்து வந்தது; மண்ணை மத்தேயு எரேமியாவிடமிருந்து எடுத்திருக்கிறார்.