பிரம்பு இல்லாத வகுப்பறை

ஓராசிரியர் பள்ளியில் ஒழுங்கு குலைவதற்குப் பிள்ளைகளின் குறும்பே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியர். பள்ளி நேரம் ஐந்து மணி. ஒரு வகுப்பின் பங்கு ஒரு மணி நேரமே. எஞ்சிய நான்கு மணி நேரம் குழந்தை வாளாவிருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை அப்படி இருக்குமா? ஆசிரியரின் நேரப் பற்றாக்குறையைத்தான் பிரம்பு ஈடு செய்து வந்தது.

இதற்கு மாற்றுக் கண்டது பழைய சித்தூர் மாவட்டம். திருப்பதி 2022-இல் தனி மாவட்டமாகும்வரை அதுவும் இதன் பகுதியாகவே இருந்தது. மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மதனப்பள்ளிக்கு அருகில் உள்ளது ரிஷிவேலி. மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, அச்சமும் ஒப்பீடும் கல்வியில் கூடா என்றவர். அங்குள்ள கிராமக் கல்வி மையம், 1980-களின் இறுதியிலிருந்து சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. பத்மநாப ராவ், ரமா ராவ் தம்பதியர் அப்பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளாக்கினர். அவற்றின் வரிசை, ஏணியாக வரையப்பட்டுச் சுவரில் தொங்கியது. எழுத்தறியாக் குழந்தையும் படக்குறியைப் பார்த்துத் தன் அட்டையை எடுத்துக்கொள்ளும். சிலர் ஆசிரியருடன் அமர்வர், சிலர் தோழருடன், சிலர் தனியே. யாரும் காத்திருப்பதில்லை.

மழை பொய்க்கும் சீமை அது. ஆடு மேய்க்கவோ அறுவடைக்கோ சென்று பல நாள் கழித்துத் திரும்பும் குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. பின்தங்கியதற்கு அடி இல்லை. முந்தியதற்குப் பரிசும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில், நன்னடத்தையைப் பாடமாகவே கற்பித்து, கடைப்பிடிப்போரைப் பாராட்டி ஊக்குவிக்கும் முறை பள்ளி முழுவதற்கும் வகுக்கப்பட்டுள்ளது. நன்முறையே. எனினும் கையில் வேலை உள்ள குழந்தைக்கு அத்தனை ஊக்குவிப்பு தேவைப்படுவதில்லை.

இந்த வழியைக் கண்டு, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. 2007-08-இல் அது தமிழகமெங்கும் பரவியது. மாநிலம் முழுவதும் ஆணையால் பரப்பும்போது அட்டைகள் விரைவில் போய்ச் சேர்ந்துவிடும். அவற்றைக் கையாளும் பழக்கம் அவ்வளவு விரைவில் வாராது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. பிரம்பை விலக்க அரசுக்குச் செலவில்லை. பிரம்பு இருந்த இடத்தில் வைக்க வேண்டியவற்றுக்குத்தான் ஆண்டுதோறும் பணம் வேண்டும்: ஆசிரியர் பயிற்சி, கிழிந்த அட்டைக்குப் புதியது. வரவு செலவுத் திட்டத்தில் இவை மிகச் சிறிய இனங்கள். முதலில் வெட்டப்படுபவையும் இத்தகையவையே. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லை. அந்தப் படிக்கு வந்து சேரும் குழந்தை மறுபடியும் சும்மா உட்கார்ந்திருக்கும்.