பேட்டையும் புறக்கோட்டையும்

கொழும்பு மாநகருக்குப் புதிதாக வரும் தமிழர் ஒருவர், பத்திரிகையில், சந்தேக நபர் புதுக்கடை நீதிமன்றத்தில் ஆஜர் செய்யப்பட்டார் என்று படித்துத் திகைப்பதுண்டு. கடைக்கும் நீதிக்கும் என்ன தொடர்பு? 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையில் உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் என்பாரின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டொப் எனப்படுவதே அவ்விடம். ஊரார் தளபதியை நினைக்கவில்லை, கடையை நினைத்தனர். சிங்களத்திலும் அது 'அளுத்கடே', அதாவது புதுக்கடைதான்.

கொம்பனித்தெருவின் கதையும் இத்தகையதே. ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்க அடிமைகள் அடைத்து வைக்கப்பட்டிருந்த அவ்விடத்தை ஆங்கிலேயர் 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு, என்று அழைத்தனர். தமிழிலும் சிங்களத்திலும் அது கொம்பனியின் தெருவாயிற்று. ஆங்கிலப் பெயர் அடிமையைக் குறித்தது. நம்மவர் வழக்கு எசமானனைக் குறித்தது. எது வரலாற்றுக்கு நேர்மையானது என்று சொல்வது எளிதன்று.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது 'பெட்டா'. ஆங்கிலேயர் இந்தியாவில் கோட்டைக்கு வெளியே அமைந்த ஊரைக் குறிக்கப் பேட்டை என்ற தமிழ்ச் சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். அதனையே கொழும்புக்கும் கொண்டுவந்தனர். கொழும்புத் தமிழரோ பேட்டை என்னாது புறக்கோட்டை என்றே வழங்குகின்றனர். கோட்டை மதில்கள் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டுவிட்டன. மதில் போயிற்று, அதற்குப் புறம் மட்டும் நிலைத்திருக்கிறது. கறுவாத்தோட்டத்திலும் கறுவாச் செய்கை இல்லை, இருப்பவை மாளிகைகள்.

இப்பெயர்களைச் சற்றே ஊன்றிக் கேட்டால் ஓர் உண்மை புலனாகும். நகரின் பழைய பகுதிகளில் தமிழும் சிங்களமும் ஒன்றன் பொருளை மற்றொன்று அறிந்தே வழங்கின. 'குருந்துவத்த' கறுவாத்தோட்டமாயிற்று, 'கெசெல்வத்த' வாழைத்தோட்டமாயிற்று, கொட்டாஞ்சேனையில் சிங்கள 'ஹேன' தமிழ்ச் சேனையாயிற்று. தெற்கே காலி வீதி வழியே செல்லச் செல்ல இந்த வழக்கம் தளர்கிறது. காலிமுகத்தில் 'திடல்' என்ற தமிழ்ச் சொல் உண்டு. அதனை அடுத்த கொள்ளுப்பிட்டியிலோ, வெளி நிலத்தைக் குறிக்கும் 'பிட்டிய' என்பது பொருள் மாற்றப்படாது ஒலியளவில் வந்தது. பம்பலப்பிட்டியும் அவ்வாறே. வெள்ளவத்தை என்பது மணல் தோட்டம். ஆயினும் அதனை மணற்தோட்டம் என்று எவரும் சொல்வதில்லை. கறுவாவுக்குத் தோட்டம் கிடைத்தது; மணலுக்கு வத்தையே எஞ்சியது. பழைய நகரில் பல தலைமுறையாக அண்டை வீட்டாராய் வாழ்ந்தோர் பெயரைப் பொருளோடு பரிமாறிக்கொண்டனர் என்றும், தெற்கே பிற்காலத்தில் குடியேறியோர் வழக்கில் இருந்த பெயரை அப்படியே ஏற்றனர் என்றும் கொள்வது பொருந்தும். அப்படி ஏற்ற வெள்ளவத்தைக்குத்தான் பின்னர் 'சின்ன யாழ்ப்பாணம்' என்ற செல்லப் பெயரும் வாய்த்தது!

தபாற்பகுதி இலக்கங்கள் இப்பெயர்களுக்குப் போட்டியாக வந்துள்ளன. கொட்டாஞ்சேனை பதின்மூன்று; களனி கங்கை கடலிற் கலக்கும் முகத்துவாரம் பதினைந்து. 'முகத்துவாரம்' என்ற சொல்லிலே ஆறும் தெரிகிறது, கடலும் தெரிகிறது. பதினைந்தில் என்ன தெரியும்? இளந்தலைமுறையினர் பலர் 'கொழும்பு ஆறு' என்றே வெள்ளவத்தையைச் சொல்லக் கேட்கலாம். இலக்கத்துக்கும் ஊரார் பொருள் ஏற்றாமல் விடவில்லை. 'அவர் கொழும்பு ஏழு' என்றால் முகவரி சொல்லப்படுவதில்லை. செல்வமும் ஆங்கிலப் பேச்சும் சற்றே செருக்கும் சொல்லப்படுகின்றன.

எனினும் எல்லா இடங்களிலும் இலக்கம் வெல்லவில்லை. ஆங்கிலத்தில் 'சீ ஸ்ட்ரீட்' எனப்படும் வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வர்த்தகம் நடத்தினர். கதிரேசன் கோவில்களும் அங்கே உள்ளன. தபாற்காரருக்கு அது கொழும்பு பதினொன்று. மகளின் திருமணத்துக்குத் தாலிக்கொடி செய்விக்கப் புறப்படும் குடும்பத்தாருக்கு அது செட்டியார் தெரு.